சோடியத்துக்கு மேல்வீடு

ஏப்ரல் 12, ஞாயிறு

நான் கையில் நெருப்புச் சட்டி ஏந்தப்போகிறேன் என்ற செய்தி எனக்குத்தான் கடைசியாக வந்து சேர்ந்தது. பால்காரருக்கு நேற்றே தெரிந்திருக்கிறது. "டீச்சர், இந்த வருசம் நீங்க பூவோடு எடுக்கறீங்களாமா?" என்று காலையில் கேட்டபோது யாரையோ கேட்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன்.

தை மாதம் இவருடைய வண்டி லாரியில் மோதி, கோவையில் நினைவில்லாமல் கிடந்தார். அப்போது அத்தை ஊர் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாராம், மகன் எழுந்து நடந்தால் மருமகள் பூவோடு எடுப்பாள் என்று. மகன் எழுந்து நடந்துவிட்டார். தேங்காய்க் களத்துக்குப் போய் ஆட்களோடு சண்டைகூடப் போடுகிறார். இனி மருமகள்தான் பாக்கி.

"ஏனுங்க அத்தை, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்களே?"

"அவன் மூச்சு நிக்கறாப்பல கெடந்தான். சாமிகிட்ட வாய் தொறக்கறப்ப மருமவளக் கேட்டுட்டு வாரன்னா சொல்லுவாங்க?" என்றார் அத்தை. பிறகு குரலை இறக்கி, "பெருசா ஒண்ணுமில்ல கண்ணு. காப்புக் கட்டுனா ஒரு நேரச் சோறு, உப்பில்லாம. ஊரெல்லையத் தாண்டப்படாது. பூவோட்ட எறக்கிட்டா முடிஞ்சுது" என்றார்.

எனக்குச் சாமி நம்பிக்கை அரைகுறை. பள்ளிக்கூடத்தில் வேதியியல், வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கு. ஆனால் அந்த ஐசியூ கண்ணாடிக்கு வெளியே நின்றபோது நானும் வாய்க்கு வந்ததையெல்லாம் நேர்ந்தேன். அவர் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதனால் சரியென்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 13, திங்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று முதல் வகுப்பு முழுவதும் யோசித்தேன். இந்தக் குறிப்பேட்டை இன்றுமுதல் பள்ளி ஆய்வகத்தில் அமில அலமாரிக்குள் பூட்டிவைக்கிறேன். சாவி என்னிடம் மட்டும்தான். எழுதுகிறேன்.

நான் லித்தியம் சாப்பிடுகிறவள். தனிம அட்டவணையில் மூன்றாம் எண். முதுகலை படித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாதம் தூக்கமே தேவைப்படாத ஆளானேன். அட்டவணையில் யாரும் பார்க்காத ஒரு கட்டத்தை நான் கண்டுபிடித்துவிட்டதாக விடுதிச் சுவர் முழுக்க எழுதினேன். அது உண்மை என்று அப்போது உயிரையே வைத்து நம்பினேன். கழுத்துச் சங்கிலியைக் கழற்றி ஒரு ஆட்டோக்காரரிடம் கொடுத்தேன். அண்ணன் வந்து தூக்கிக்கொண்டு போனான். கோவையில் டாக்டர் ஜெயசீலி கொடுத்த அந்த மாத்திரைதான் இன்றுவரை என்னை நானாக வைத்திருக்கிறது. அந்த மனநோய் இடையில் ஒருமுறைகூடத் திரும்பி வந்ததில்லை.

கல்யாணத்தின்போது இதைச் சொல்ல வேண்டாம் என்றது அண்ணன். சரியென்றது நான். மாத்திரை கால்சியம் டப்பாவில் இருக்கிறது. அண்ணன்தான் மாற்றிப் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பான். இவருக்குத் தெரிந்து எனக்கு எலும்பு பலமில்லை, அவ்வளவுதான். எலும்பு சூப்பெல்லாம் வாங்கி வருவார், பாவம்.

ஒருநாள் சொல்லிவிடத்தான் நினைத்திருந்தேன். அதற்குள் இவருடைய பெரியப்பா மகன் பெண்டாட்டியின் பையிலிருந்து ஏதோ நரம்பு மாத்திரை அட்டை கிடைத்தது. அந்தப் பெண் சாந்தினியை ஆறே மாதத்தில் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 'மறைச்சுக் கட்டி வெச்சுட்டாங்க' என்று அன்றைக்குப் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் முதலில் சொன்னது என் அத்தைதான். அன்றோடு என் வாய் பூட்டிக்கொண்டது.

மாதக் கடைசியில் கோவையில் ரத்தப் பரிசோதனை இருக்கிறது. காப்புக் கட்டிவிட்டால் எல்லை தாண்ட முடியாது. ஒருமுறை தள்ளிப்போனால் குடிமுழுகிவிடாது. டாக்டர் ஆரம்பத்தில் நிறையச் சொன்னார். தண்ணீர் நன்றாகக் குடி, வலி மாத்திரை கேட்காமல் போடாதே, அப்புறம் உப்பைப் பற்றியும் ஏதோ. அன்றைக்கு என் தலைக்குள் சந்தை கூடியிருந்தது, அண்ணன்தான் கேட்டுக்கொண்டான். உப்பைக் குறைக்கச் சொல்லியிருப்பார். எல்லா டாக்டரும் அதைத்தானே சொல்கிறார்கள்.

ஏப்ரல் 17, வெள்ளி

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த மூச்சிலேயே பிள்ளைகளைப் பதினொன்றுக்கு இழுத்து உட்காரவைத்துவிட்டது எங்கள் பள்ளி. கோடைச் சிறப்பு வகுப்பாம். மின்விசிறிக்குக் கீழே இடம்பிடிக்க அடிதடி. முதல் பாடமே தனிம வரிசை அட்டவணை.

அட்டவணையை நான் மனப்பாடம் செய்யச் சொல்வதில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தனிமத்தின் அட்டையைக் கொடுத்து, வரிசையாக நிற்கச் சொல்வேன். அணு எண்படி இடமிருந்து வலமாக நடக்க வேண்டும். வெளிக்கூடு நிரம்பியதும் அடுத்த ஆள் கீழே புதிய வரிசையில் போய் நிற்க வேண்டும். இப்படி நின்று முடித்த பிறகு, "இப்ப உங்களுக்கு நேர் முன்னாடி நிக்கறவங்களப் பாருங்க. அவங்கதான் உங்க சொந்தக்காரங்க" என்பேன். பக்கத்தில் தோளோடு தோளாக நிற்பவன் சொந்தமில்லை. மேலேயும் கீழேயும் நிற்கிறவர்களுக்குத்தான் ஒரே குணம். வெளிக்கூட்டில் எத்தனை எலக்ட்ரான் என்பதுதான் குணம்.

மெண்டலீஃப் கதையும் சொன்னேன். எடைப்படி அடுக்கிக்கொண்டே வந்தவர் டெல்லூரியத்திடமும் அயோடினிடமும் வந்து நின்றார். எடைப்படி அயோடின் முன்னால் வர வேண்டும். குணப்படி பின்னால். மனிதர் எடையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் குணத்தின் பக்கம் நின்றார். ஆள் வராத இடத்தைக் காலியாகவே விட்டார், பின்னால் வருவான் என்று. வந்தார்கள்.

ஹைட்ரஜன் அட்டை வைத்திருந்த பையன் மட்டும் முதல் வரிசையில் தனியாக நின்று விழித்தான். "மிஸ், நா இந்தக் குடும்பந்தானா?" என்றான். "நீ மருமக மாதிரி. அந்தத் தொகுதியிலதான் நிக்கணும், ஆனா உன்னய உலோகம்னு யாரும் ஒத்துக்க மாட்டாங்க" என்றேன். பெண்பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். பையன்களுக்குப் புரியவில்லை.

ஏப்ரல் 21, செவ்வாய்

காப்புக் கட்டியாயிற்று. மஞ்சள் கிழங்கு கோத்த நூல், வலது மணிக்கட்டில். கோவில் முன்னால் கம்பம் நட்டிருக்கிறார்கள். தினமும் காலையில் குளித்து ஈரத்துணியோடு கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது.

மதியம் அத்தை தானே பரிமாறினார். உப்பில்லாச் சோறு, உப்பில்லாப் பருப்பு. இவர் எதிரே உட்கார்ந்து, தன் தட்டை ஒளித்துவைத்துக்கொண்டு சாப்பிட்டார். "எனக்காக நீ சாகற, நா ஊறுகா திங்கறன்" என்றார். "வாய மூடிட்டுத் தின்றா" என்றார் அத்தை. சிரித்துவிட்டேன்.

ஏப்ரல் 23, வியாழன்

பச்சைத் தண்ணீர்கூட ருசியாக இருக்கிறது. எவ்வளவு குடித்தாலும் தாகம்.

ஏப்ரல் 25, சனி

இன்றைக்குச் சக்திப்பிரியா என்ற பெண் நல்ல கேள்வி கேட்டாள். கடைசி பெஞ்சில் இருந்துகொண்டு முதல் பெஞ்சு கேள்வி கேட்கிறவள். "ஒரே தொகுதின்னா ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ண வெச்சு ஏமாத்தலாங்களா மிஸ்?"

ஏமாற்றலாம் என்றேன். கால்சியத்துக்குக் கீழே ஸ்ட்ரான்சியம் இருக்கிறது. கதிரியக்க ஸ்ட்ரான்சியம் உடம்புக்குள் போனால் எலும்பு அதைக் கால்சியம் என்று நினைத்துக் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொள்ளும். பொட்டாசியத்துக்குக் கீழே சீசியம், அதற்கும் இதே கதை. உடம்புக்கு ஆள் முகம் தெரியாது, குணம்தான் தெரியும். கரும்பலகையில் அம்புக்குறி போட்டு அழகாகவே விளக்கினேன் என்று நினைக்கிறேன். சக்திப்பிரியா வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள்.

அம்புக்குறி மட்டும் கொஞ்சம் கோணிக்கொண்டது. கை நடுங்குகிறது. ஒருவேளைச் சோற்றில் எட்டு பீரியட் எடுத்தால் யாருக்குத்தான் நடுங்காது.

ஏப்ரல் 27, திங்கள்

காலையிலிருந்து வயிற்றுப்போக்கு. அத்தையிடம் சொன்னேன். "ஆத்தா வயித்தச் சுத்தம் பண்றா கண்ணு. நல்லதுதான்" என்றார். வெந்தயம் கொடுத்தார், மோரில் இல்லாமல் வெந்நீரில். மோர் என்றால் உப்புப் போடத் தோன்றிவிடுமாம்.

ஆய்வகத்தில் சோதனைக்குழாய் தாங்கியைக் கீழே போட்டேன். பத்துக் குழாய் போயிற்று. ஆய்வக உதவியாளர் தேன்மொழி அக்கா கூட்டி எடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். "டீச்சர், கொஞ்சம் உக்காருங்க. நிக்கறதே ஒரு மாதிரி இருக்குது" என்றார். எனக்கு எரிச்சல் வந்தது. நிற்பதில் என்ன ஒரு மாதிரி?

ஏப்ரல் 28, செவ்வாய்

பயமாக இருக்கிறது. எழுதியே விடுகிறேன், அது திரும்பி வருகிறதோ என்று பயமாக இருக்கிறது.

கை நடுக்கம் நிற்கவில்லை. வகுப்பில் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் பாதியில் அது எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கிறது. அன்றைக்கு விடுதியில் எனக்கு எல்லாம் வேகமாக இருந்தது, இன்றைக்கு எல்லாம் மெதுவாக இருக்கிறது. ஆனால் என் மண்டை என் கையை மீறிப் போவதென்னவோ இரண்டிலும் ஒன்றுதான்.

அண்ணனுக்கு ஆய்வகத்திலிருந்து போன் செய்தேன். அவன் ஏதோ கல்யாண மண்டபத்தில் இருந்தான், பின்னால் நாதஸ்வரம். "டாக்டரம்மாகிட்டப் பேசிரு சுகந்தி" என்று கத்தினான். பேசினால் நேரில் வா என்பார். எல்லை தாண்டி எப்படிப் போவது? என்ன காரணம் சொல்லி? காப்புக் கட்டிய மருமகள் கோவைக்கு ஏன் ஓடுகிறாள் என்று தெருவே கேட்கும். சாந்தினி போகும்போது ஒரு சூட்கேஸ் மட்டும்தான் கையில் இருந்தது. கல்யாணப் பாத்திரமெல்லாம் பெரியப்பா வீட்டிலேயே இருக்கிறது. அங்கிருந்து வந்த ஒரு குண்டாவில்தான் இப்போதும் எங்கள் வீட்டில் இட்லி மாவு கரைக்கிறோம்.

மருந்து போதவில்லை போலிருக்கிறது. இன்று ஒன்று கூடுதலாகப் போட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 29, புதன்

இன்றும் ஒன்று கூடுதல். நடுக்கம் குறையவில்லை.

ஏப்ரல் 30, வியாழன்

காலையில் இவருக்குக் காப்பி கொண்டுபோனேன். டம்ளர் வாசலிலிருந்து அவர் கைக்குப் போவதற்குள் பாதி தரையில். அவர் காப்பியை வாங்கவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு இன்னும் இடது தோள் முழுதாக எழவில்லை. அந்தக் கையாலேயே பிடித்தார்.

"கை ஏன் இப்படி ஆடுது?"

"கால்சியம் கொறஞ்சிருக்கும்."

"ரெண்டு மாத்தர சேத்துப் போட்டுக்க."

"போட்டுட்டுத்தான் இருக்கறனுங்க" என்றேன். அது உண்மைதான். 

"உனக்கு ஒண்ணுன்னா எங்கிட்டச் சொல்லுவீல்ல?"

அந்த நிமிடம் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்துவிட்டேன். அடுக்களையிலிருந்து அத்தை, "தனசேகரா, கம்பத்துக்கு நேரமாச்சு, அவள அனுப்பு" என்று கூப்பிட்டார். திறந்த வாயால், "சொல்லுவனுங்க" என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டேன். குடம் கனத்தது. கோவில் படியில் இரண்டு முறை தடுக்கினேன். கூட இருந்த பெண்கள் சாமி வருகிறது என்று குலவையிட்டார்கள்.

மே 2, சனி

மெதுவாக எழுதுகிறேன். எழுத்து கோட்டைவிட்டு இறங்குகிறது.

இன்று வகுப்பில் முதல் தொகுதி உலோகங்களைப் பலகையில் எழுதத் திரும்பினேன். சாக்பீஸ் இருக்கிறது, பலகை இருக்கிறது, கை எங்கே போக வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடமாகத் தூக்கத்தில்கூடச் சொல்லக்கூடிய வரிசை. நாக்கு வேறு தடித்துக்கிடந்தது. பிள்ளைகள் பார்க்கிறார்கள். சமாளிப்பதற்காக, "நீங்களே சொல்லுங்க, மேல இருந்து கீழ, எல்லாரும் சத்தமா" என்றேன்.

நாற்பது பிள்ளைகளும் கத்தினார்கள். "லித்தியம்! சோடியம்! பொட்டாசியம்!"

"இன்னொரு தடவ."

"லித்தியம்! சோடியம்!"

போதும் என்று கையைக் காட்டினேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதைவிட நாற்காலி என்னைப் பிடித்துக்கொண்டது.

மேல்வீடு லித்தியம், கீழ்வீடு சோடியம். இரண்டுக்கும் வெளிக்கூட்டில் ஒற்றை எலக்ட்ரான். சிறுநீரகத்துக்கு ஆள் முகம் தெரியாது. உப்பு வரவில்லையென்றால், சோடியம் போய்விடக்கூடாதே என்று அது கதவைச் சாத்தும். சோடியத்தின் குணத்தில் யார் வந்தாலும் வெளியே விடாமல் உள்ளேயே இருத்திக்கொள்ளும். பதினோரு நாளாக நான் உப்பில்லாமல் தின்று, வியர்த்து, வயிற்றால் போய், அதற்கு மேல் மாத்திரையையும் கூட்டிப் போட்டிருக்கிறேன். என் உடம்பு அத்தனை லித்தியத்தையும் பத்திரமாகச் சேர்த்து வைத்திருக்கிறது. நோய் திரும்பி வரவில்லை. நான் மருந்தால் நஞ்சேறிக்கொண்டிருக்கிறேன். ஸ்ட்ரான்சியத்துக்கு அம்புக்குறி போட்ட இந்தக் கைக்கு, லித்தியத்துக்கும் இதே கதைதான் என்று தெரியவில்லையே. டாக்டர் உப்பைக் குறைக்காதே என்றுதான் சொல்லியிருப்பார். இப்போது அது அவருடைய குரலிலேயே கேட்கிறது.

பள்ளிக்கு எதிரே ஒரு மோர்க்கடை. போய் நின்றேன். உப்புப் போட்ட மோர், சொம்பு நிறைய, கையில் வாங்கிவிட்டேன். மணிக்கட்டில் காப்பு. சோடியம் குளோரைடுக்கும் ஒரு மனிதர் லாரியில் அடிபடுவதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். முதுகலை படித்தவளுக்கு அதுகூடத் தெரியாதா? ஆனால் அந்தச் சொம்பை வாயருகே கொண்டுபோனால், கண்ணாடிக்கு உள்ளே குழாய்களோடு கிடந்த அவர் முகம்தான் வந்தது. கடைக்காரரும் காப்பைப் பார்த்துவிட்டார். "டீச்சர், உப்புப் போட்டதுங்க அது" என்றார். வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இனி மாத்திரை போடவில்லை. நாளைக்கு இவரிடம் சொல்லிவிடுவேன். இன்றைக்கு ஒருநாள் தாங்கும். இந்தக் குறிப்பேட்டைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போகிறேன். வாய் வராவிட்டால் இதையாவது அவர் கையில் கொடுக்கலாம்.

மே 7, வியாழன்
கோவை, மருத்துவமனை

ஒருநாள் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே விழுந்திருக்கிறேன். விழுந்தது நினைவில்லை. குலவைச் சத்தம் நினைவிருக்கிறது, சாமி இறங்கிவிட்டது என்று எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். பிறகு காரின் பின்சீட். என் தலை அத்தையின் மடியில். முன்னால் களத்து டிரைவர் ஓட்ட, இவர் திரும்பித் திரும்பி என்னைப் பார்க்கிறார். ஊரெல்லைக் கல்லருகே டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டார். "காப்புக் கட்டியிருக்காங்களே ஆத்தா, தாண்டலாமுங்களா?" என்று அத்தையைக் கேட்டார்.

அத்தை என் மணிக்கட்டைப் பிடித்து, காப்பு நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். அதைத் தன் கையில் சுற்றி, ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டே முடிந்தார். கதவைத் திறந்து இறங்கினார். "எங்காப்பு இது. நா இங்கயே நிக்கறன். நீ வண்டிய எடுறா" என்றார். வெறுங்காலோடு அந்த வெயிலில் தார்ச்சாலையில் அவர் நிற்பதுதான் பின்கண்ணாடியில் தெரிந்தது.

டவுன் ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டர். வெயில் தாக்கமா, மூளையில் ரத்தக்கசிவா என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். "என்ன மருந்து சாப்பிடுறாங்க?" என்று கேட்டார்.

"கால்சியம் மட்டுந்தானுங்க" என்றார் இவர். "வேற ஒண்ணுமில்லீங்க. நல்லாத் தெரியும்."

நல்லாத் தெரியும் என்றார். அந்த நம்பிக்கையோடு சொன்னார். அந்த டாக்டரும் கால்சியம் என்று எழுதத் தொடங்கினார். நான் சொல்லாவிட்டால் யாரும் சொல்லப்போவதில்லை. நாக்கு வாய் முழுக்கப் பரவிக் கிடந்தது. 'லி' என்றேன். அவர்கள் கவனிக்கவில்லை. டாக்டரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "லித்தியம்" என்றேன். இவர் என்னைப் பார்த்தார். இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஒரு பாட்டிலை மாட்டினார்கள். சோடியம் குளோரைடு என்று எழுதியிருந்தது. இங்கே கொண்டுவந்து, ரத்தத்தை இயந்திரத்தில் சுத்தம் செய்து, திங்கள் இரவுதான் எனக்கு நினைவு தெளிந்தது. இன்னும் ஒருநாள் போயிருந்தால் என்று டாக்டர் ஜெயசீலி தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

என் பையை, இந்தக் குறிப்பேட்டோடு, இவர் ஊரிலிருந்து வரவழைத்திருந்தார். நேற்றுவரை எங்களுக்குள் மாத்திரை, தண்ணீர், டாக்டர் வந்தால் எழுந்து நிற்பது, அவ்வளவுதான். இன்று காலை ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"நா கால்சியம்னு சொன்னன்" என்றார்.

"தெரியுமுங்க."

"நீ பேசாம இருந்திருந்தா, நாஞ் சொன்னத நம்பி அவங்க வேற வைத்தியம் பாத்திருப்பாங்க. உன்னய நானே கொன்னிருப்பன் சுகந்தி. எங்கையால. எதுக்குச் செத்தான்னே தெரியாம மிச்ச காலம் உக்காந்திருப்பன்."

நோயை மறைத்தாய் என்று கோபித்திருந்தால் பதில் வைத்திருந்தேன். இதற்கு அழுதேன். அவரும் அழுதார். ஆரஞ்சு அப்படியே இருந்தது.

"என்னைக்காச்சும் சொல்லியிருப்பியா?"

"தெரியலீங்க" என்றேன். இனி அவரிடம் பொய் சொல்ல முடியாது.

மே 8, வெள்ளி

அத்தை வந்தார்.

வாசலில் நின்று முதலில் ட்ரிப்ஸ் பாட்டிலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மணிக்கட்டில் காப்பு இல்லை. உள்ளங்கை இரண்டிலும் தோல் சிவந்து கன்றியிருந்தது.

"பூவோடு..." என்று தொடங்கினேன்.

"எறக்கியாச்சு. புதங்கெழம. நாந்தான் எடுத்தன்."

இவர் எழுந்து நாற்காலியைக் காட்டினார். அத்தை அவரைக் கடைக்கு அனுப்பினார், ஏதோ ஒன்று வாங்கிவரச் சொல்லி. கதவு சாத்தியதும் நாற்காலியைக் கட்டில் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எனக்குச் சாந்தினியின் சூட்கேஸ் ஞாபகம் வந்தது. இந்தப் பேச்சு எப்படித் தொடங்கும் என்று எனக்குத் தெரியும், ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

"அந்தப் புள்ள சாந்தினிய அனுப்பறப்ப நீயும் அங்கதான நின்னுட்டிருந்த?"

"ஆமாங்க அத்தை."

"நாஞ் சொன்னதெல்லாங் கேட்டுட்டு."

"ஆமாங்க."

அத்தை மூக்கை முந்தானையில் துடைத்தார். "உங்கண்ணங்கிட்ட எனக்குப் பேச்சிருக்குது. அது அப்பறம். உங்கூடவும் எனக்குக் கோவந்தான், இல்லைன்னு சொல்ல மாட்டன். ஆறுமா ஆறாதான்னு எனக்கே தெரியல" என்றார். அப்புறம் திரும்பி, "அந்த வியாதி வந்தா எப்படி இருக்கும்? அடையாளஞ் சொல்லு. ஊட்டுல இருக்கறவ நானு. எனக்குத் தெரியோணும்" என்றார்.

இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அண்ணன்கூட. சொன்னேன். தூக்கம் வராது, ஆனாலும் களைப்பே தெரியாது. பேச்சு நிற்காது. பாட்டு வரும். கையில் இருப்பதை எல்லாருக்கும் எடுத்துக் கொடுக்கத் தோன்றும். உலகமே நம் வீடு போல இருக்கும். டாக்டர் ஜெயசீலியின் எண்ணைக் கேட்டு வாங்கி, போனில் தானே குத்திக் குத்திச் சேர்த்துக்கொண்டார்.

நான் சொன்னதை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. நெற்றி சுருங்கியது.

"அப்ப போன தீவாளிக்கு, வெடிய வெடிய முறுக்குச் சுட்டுட்டு, பாட்டுப் பாடிட்டு, பக்கத்தூட்டுப் புள்ளைகளுக்கெல்லாம் உன்ற சீலைய எடுத்து எடுத்துக் குடுத்தியே. நாங்கூட, இவ வந்து ஊடு ஊடாட்டம் ஆயிருச்சேன்னு சந்தோசப்பட்டனே. அது அதுவா?"

"இல்லைங்க அத்தை" என்றேன். "அது சும்மா சந்தோசமுங்க."

"நெசமாவா?"

"நெசமாலுங்க."

அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்ப ஆசைதான் அவருக்கு, அது தெரிந்தது. நான் அந்தத் தீபாவளியை ஒவ்வொரு நிமிடமாகத் திரும்பப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மாத்திரை ஒழுங்காகப் போட்டிருந்தேன், மறுநாள் நன்றாகத் தூங்கினேன். அது சந்தோஷம்தான். ஆனால் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. இனி அந்த வீட்டில் நான் எப்போது வாய்விட்டுச் சிரித்தாலும், இது அதுவா என்று இரண்டு பேர் பார்ப்போம். அத்தை ஒருத்தி, நான் ஒருத்தி.